சிறப்புக் காரணம் இருந்தால் எழுதவும்

பள்ளி இறுதித் தேர்வில் சின்னவள் கணக்கில் வாங்கியது நூற்றுக்கு நாற்பத்தொன்று. அதற்காக யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அக்காவின் சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டினார்கள். இவளுடையதைப் பீரோவில் மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில் வைத்தார்கள். அவ்வளவுதான். பகலில் பேருந்து நிறுவனத்தின் தொலைந்த பொருள் பிரிவில் வேலை, மாலையில் சட்டக் கல்லூரி என்று ஆறு வருஷம் தலைகீழாக நின்று படித்து, வகுப்பில் மூன்றாவதாகத் தேறினாள். அந்த நாற்பத்தொன்றை உலகம் மறந்திருக்கும் என்று நம்பினாள். அங்கேதான் ஏமாந்தாள்.

ஒரு சட்ட நிறுவனத்தில் இரண்டு வருஷம் பயிற்சி வக்கீலாக இருந்தால்தான் நீதிமன்றத்தில் நிற்க முடியும். பட்டம் வாங்கிய மூன்று வருஷத்துக்குள் அந்த இடம் கிடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆறு வருஷப் படிப்பும் அம்போ. விண்ணப்பத்தில் எல்லா நிறுவனமும் முதலில் கேட்டது பள்ளிக் கணக்கு மார்க்கைத்தான். அறுபதுக்குக் கீழே போட்டால் திரையில் புதிதாக ஒரு கட்டம் திறக்கும்: ‘குறைவுக்குச் சிறப்புக் காரணம் இருந்தால் எழுதவும்.’ அவள் அதைக் காலியாக விட்டாள். இருபத்து மூன்று நிறுவனங்கள் ‘கவனமாகப் பரிசீலித்தோம், வருந்துகிறோம்’ என்று பதில் போட்டன. சில பதில்கள் நாலாவது நிமிஷத்திலேயே வந்துவிட்டன. நாலு நிமிஷத்தில் என்ன கவனம், என்ன பரிசீலனை, அதற்குள் வருத்தம் வேறா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாவது வருஷமும் முடியப் போகிற நேரத்தில் மிஞ்சியது ஒரே ஒரு நிறுவனம். அந்த விண்ணப்பத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தபோது அம்மா எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“நான் அந்த வருஷம் சாகக் கெடந்தேன்னு எழுதிடு.”

“நீ அந்த வருஷம் ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்கலையேம்மா.”

“ஏன் மிதிக்கலை? எதிர்வீட்டுப் பொண்ணுக்குக் குழந்தை பொறந்தப்ப மூணு நாள் அங்கேயேதான இருந்தேன்?”

“அது அவ பெத்த குழந்தை.”

“யார் போய்ப் பாக்கப் போறாங்க? ஊர்ல எல்லாரும் எழுதறாங்க. உன் அக்கா சிநேகிதி, உயிரோட இருக்கிற தாத்தாவைக் கொன்னு வேலை வாங்கலையா?”

சின்னவள் சிரித்துவிட்டாள். ஆனால் எழுதவில்லை. எழுதக் காரணமே இல்லை என்பதுதான் உண்மை. அந்த வருஷம் வீட்டில் யாரும் நோயில் படுக்கவில்லை, யாரும் போய்ச் சேரவில்லை. அவளுக்குக் கணக்கு பிடிக்கவில்லை, படிக்கவில்லை. பதினேழு வயதில் ஒரு பெண் கணக்கை வெறுத்ததற்கு வீட்டில் ஒரு ஆள் நோயாளியாக இருந்தே தீர வேண்டும் என்றால், அது என்ன நியாயம் என்று கேட்டுவிட்டு விண்ணப்பத்தை அனுப்பினாள்.

அந்த நிறுவனம் சின்னது. விண்ணப்பம் காகிதத்தில்தான், அதை அங்கே மனிதர்கள் படித்தார்கள். நேர்காணலுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில், கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தியிருந்த பெரிய வக்கீலம்மா. ஒரு விபத்தைப் பற்றி இரண்டு சாட்சிகள் சொன்னதை எழுதிய தாளை நீட்டி, யாரை நம்புவாய் என்று கேட்டார். ஒரு சாட்சி நேரம், சட்டை நிறம், வண்டி எண் எல்லாவற்றையும் ஒப்பித்திருந்தார். இன்னொருவர், சாயங்காலம் இருக்கும், சரியாக நினைவில்லை என்றிருந்தார்.

“ரெண்டாவது ஆளைத்தான் மேடம். எங்க தொலைஞ்ச பொருள் பிரிவுக்குத் தெனமும் குடை கேட்டு வருவாங்க. கம்பி எத்தனை, பிடியில எங்க கீறல்னு அளந்து சொல்றவங்களை நான் உக்கார வெச்சு இன்னும் நாலு கேள்வி கேப்பேன். நெஜமா தொலைச்சவர், கறுப்புக் குடைம்மா, எங்கயோ விட்டுட்டேன்னு தலையைச் சொறிவார்.”

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். வக்கீலம்மா சிரிக்காமல் எதையோ குறித்துக்கொண்டார். அப்புறம் ஒரு மணி நேரம் துருவி எடுத்தார். சின்னவள் ஒரு இடத்தில் தடுமாறினாள், தெரியாததைத் தெரியாது என்றாள், மற்றதற்கெல்லாம் சளைக்காமல் பதில் சொன்னாள்.

கடைசியில் வக்கீலம்மா விண்ணப்பத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். பேனாவையும் வைத்தார்.

“எங்களுக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. ஆனா அறுபதுக்குக் கீழ இருந்தா காரணம் எழுதியிருக்கணும், அது எங்க விதி. குடும்பச் சூழ்நிலைன்னு ரெண்டு வரி போடு. யாரும் வந்து பாக்கப் போறதில்லை.”

அம்மா சொன்ன அதே பேச்சு. அம்மாவாவது பெற்ற பாசத்தில் சொன்னாள். வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, இரண்டே வரி. பேனாவை எடுத்து, கட்டத்துக்குள் நிதானமாக எழுதினாள்: ‘சிறப்புக் காரணம் எதுவும் இல்லை. அப்போது கணக்கு வரவில்லை. இப்போதும் வராது. சட்டம் வரும்.’

வக்கீலம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இதை வெச்சுக்கிட்டு நான் உன்னைச் சேத்துக்க முடியாதே.”

“சேத்துக்க வேணாம் மேடம். ஆனா ஏன் சேத்துக்கலைன்னு எழுத்துல குடுங்க. இருபத்து மூணு பேர் வருந்துறோம்னாங்க, ஒருத்தரும் காரணம் சொல்லலை. காரணம் நான் மட்டும்தான் எழுதணுமா?”

வலதுபுறம் இருந்தவர் தண்ணீர்க் குவளையைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார். சின்னவள் எழுந்திருக்கவில்லை, பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

வக்கீலம்மா ஒரு தாளை எடுத்து எழுதினார். எழுதியதை வாய்க்குள் ஒரு முறை படித்தார்: ‘பத்தாண்டுக்கு முன் கணக்கில் குறைந்த மதிப்பெண் பெற்றதாலும், அதை மறைக்க மறுத்ததாலும்...’ அதற்கு மேல் பேனா ஓடவில்லை. கீழே கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பார்த்தார். தன் பெயர் அங்கே வரும் என்பது அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. தாளை நாலாகக் கிழித்தார்.

“ஒண்ணாம் தேதி காலைல ஒன்பதுக்கு வந்துடு.”

“ஒண்ணாம் தேதி முடியாது மேடம்,” என்றாள் சின்னவள். “பஸ் கம்பெனிக்கு ஒரு மாசம் முன்னாடி சொல்லணும், அது எங்க விதி. அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி வர்றேன்.”