உப்பக்கா சொன்ன ஒரு வரி

கடல்நீர் ஆய்வகத்தில் பதினெட்டு வருஷம் உப்பின் அளவு பார்த்தவள் என்பதால் உப்பக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. குடுவைகளோடு பழகியவளுக்கு நாலு பேரைக் கண்டால் நா எழாது. அவளைப் போய், பள்ளிக்கூட ஆசிரியர்களுக்குக் கடலறிவியல் பயிற்சி கொடு என்று மேலதிகாரி அனுப்பிவிட்டார்.

முதல் நாள் முப்பத்திரண்டு ஆசிரியர்கள். நீரோட்டம், அலை என்று எப்படியோ ஒப்பேற்றினாள். கடைசியில் ஒருவர் சுனாமியைப் பற்றிக் கேட்டார். முதலில் கடல் உள்வாங்கும், அதைப் பார்த்ததும் ஓடவேண்டும் என்றாள். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

அன்று மாலை வெங்காயம் நறுக்கும்போதுதான் சுரீரென்றது. எல்லாத் தடவையும் கடல் உள்வாங்காதே! சில நேரம் அலைதானே முந்திக்கொண்டு வரும்? கடல் உள்வாங்கட்டும் என்று கரையில் காத்து நிற்கும் பிள்ளைகள் கண்ணுக்குள் வந்து நின்றார்கள்.

பேருந்து ஓட்டும் கணவன், அடுத்த மாசப் பயிற்சியில் திருத்திக்கொள்ளலாமே என்றான்.

"அதுவரைக்கும் கடல் காத்திருக்குமாங்க?"

பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்தாள். சிலர் சிரித்தார்கள், ஒருத்தி கடிந்துகொண்டாள். முப்பத்தொரு பேர் கிடைத்தார்கள். கிடைக்காத ஒருவருடைய பள்ளிக்கூடம் கடலை ஒட்டியே இருந்தது.

காலையில் பேருந்து பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பாடம் தொடங்கிவிட்டிருந்தது. அவள் சொன்ன வரி கரும்பலகையில் கொட்டை எழுத்தில் இருந்தது. ஆசிரியரைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. சாக்கட்டியை அவள் கையில் கொடுத்தார்.

"நீங்களே சொல்லிடுங்க. நான் பாதியில மாத்தினா நம்ப மாட்டாங்க."

அந்த வரியை அழித்தாள். "நான் உங்க சாருக்குத் தப்பா சொல்லிக் கொடுத்துட்டேன். தரை பலமா ஆடினாலோ, ரொம்ப நேரம் ஆடினாலோ கடலைப் பார்க்க நிக்காதீங்க. நேரா மேட்டுக்கு ஏறிடுங்க."

முன்வரிசைச் சிறுமி எழுந்தாள். "தரை ஆடலேன்னா?"

உப்பக்கா அவள் பக்கம் திரும்பினாள். எங்கோ தூரத்தில் அதிர்ந்தால் இங்கே ஒன்றும் தெரியாதுதான். எச்சரிக்கை வந்தாலும், கடலில் பெரிய இரைச்சல் கேட்டாலும், தண்ணீர் திடீரென்று ஏறினாலும் இறங்கினாலும் ஓடவேண்டும் என்றாள்.

"இத்தனைக்கும் மேல எனக்கே நிச்சயமா தெரியாதும்மா."

அதன்பிறகு ஒன்பது வருஷம் பயிற்சி கொடுத்தாள்; பயம் மட்டும் விட்டபாடில்லை. பயிற்சி நாளில் காலைச் சாப்பாடு இறங்காது. யாராவது பேனாவை எடுத்தால், "கொஞ்சம் பொறுங்க, சரிபார்த்துட்டுச் சொல்றேன்" என்பாள்.