வெங்காயத்தின் மேல் விழுந்த பழி

எங்கள் பக்கத்தில் யாருக்குக் கண் கலங்கினாலும் காரணம் கேட்க மாட்டார்கள். பெரம்பலூரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் சின்ன வெங்காயம். எனக்கு இரண்டு வருடமாகக் கண்ணில் தண்ணீர் வடிந்தபோதும், "வெங்காயத்துக்குள்ளயே கெடந்தா அப்படித்தான்" என்று ஊரே தீர்ப்புச் சொல்லிவிட்டது. வெங்காயத்தைத் தொடாத நாளிலும் வடிந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

மூட்டைகளை அரியலூர்க் கடைகளுக்குக் கொண்டுபோவது என் வேலை. எங்கள் குட்டி லோடு வண்டியை ஓட்டுவது நான்தான். வீட்டுக்காரருக்கு ஓட்ட வராது. அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைக்கவில்லை.

ஒரு சாயங்காலம் அரியலூரிலிருந்து திரும்பும்போது முன்னால் ஒரு சிமெண்ட் லாரி. முகத்தில் காற்று அடிக்க அடிக்கக் கண் நிறைந்து, லாரியின் பின்விளக்கு நாலைந்தாகத் தெரிந்தது. கடைசி நொடியில் பிரேக் அடித்தேன். ஹெட்லைட் உடைந்ததோடு போயிற்று.

வீட்டில் கொழுந்தன் அதற்காகவே காத்திருந்த மாதிரி ஆரம்பித்தார். "அண்ணிக்குக் கண்ணு சரியில்லண்ணே. சாவிய எங்கிட்ட குடுத்துடச் சொல்லுங்க."

"தை வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள சரியாவலன்னா நீ ஓட்டு" என்றார் வீட்டுக்காரர்.

கண் சரியாகிற வரை ஓட்டுவதில்லை என்று நானே வண்டியை நிறுத்தி, மூட்டைகளை வாடகை வண்டியில் அனுப்பச் சொல்லிவிட்டு, பஸ் ஏறிப் பெரம்பலூர் போனேன். அங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் உள்ளறையில் ஒரு பெண் கண் பரிசோதனை செய்கிறார். அதற்கென்றே படித்தவர், என்னைவிடச் சின்னவர். மஞ்சள் சாயம் தோய்த்த காகிதத்தை இமையோரம் தொட்டு எடுத்து, நீல வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார்.

"ஒங்க கண்ணு காஞ்சு போயிருக்குங்க."

கன்னத்தில் தண்ணீர் வழிய உட்கார்ந்திருக்கிறேன். வந்ததே கோபம். "ஏங்க, கொழாய் மாதிரி ஊத்துது, காஞ்சிருக்குங்கறீங்க?"

அவர் அசரவில்லை. "இமையோரத்துல எண்ணெ சுரக்குற துவாரமெல்லாம் அடைச்சிருக்கு. அந்த எண்ணெ இல்லன்னா கண்ணுல ஈரம் நிக்காது, காஞ்சு உறுத்தும். உறுத்துறதாலதான் இவ்ளோ தண்ணி ஊத்துது. வெங்காயத்த திட்டாதீங்க."

சுடுதுணி ஒற்றடம், இமையைத் துடைப்பது, சொட்டு மருந்து, காற்றுக்கு மறைப்பாகவும் இருக்கிற புதுக் கண்ணாடி. "மாசாமாசம் வந்து காட்டணும். கொறஞ்சுடுச்சுன்னு விட்டுட்டா திரும்ப வந்துரும்" என்றும் சொன்னார்.

காலையில் கண்மேல் துணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கொழுந்தனுக்குக் கொண்டாட்டம். "அண்ணி மகாராணி ஆயிட்டாங்க" என்பார். வீட்டுக்காரரோ, விளக்கெண்ணெய் விட்டால் போதாதா என்பார். காதில் வாங்கவில்லை. ஆனால் இரண்டாம் மாதமும் தண்ணீர் நிற்காதபோது மனம் விட்டுப்போனது. வீம்புக்குத்தான் பரிசோதனைக்குப் போனேன்.

"போன தடவ எல்லாமே அடைச்சிருந்துச்சு. இப்ப பாதி தெறந்திருக்குங்க" என்றார் அந்தப் பெண். எனக்குத் தெரியாத முன்னேற்றம் அவருக்குத் தெரிந்தது. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டுதான் மிச்ச மாதங்களை ஓட்டினேன்.

தை பிறக்குமுன் அவருடைய எழுத்துப் பலகையின் கடைசி வரியையும் தடுமாறாமல் படித்தேன். "தாராளமா ஓட்டுங்க. ஆனா ஆறு மாசத்துக்கு ஒருதடவ வர்றத நிறுத்தாதீங்க" என்றார். மறுநாளே மூட்டைகளை ஏற்றி, வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அரியலூருக்குக் கிளம்பினேன். அதே லாரிகள், அதே காற்று. மனுஷர் ரோட்டைப் பார்க்கவே இல்லை, வழியெல்லாம் என் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு சொட்டு வரவில்லை. அரியலூரில் இறங்கியதும், "சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல இருந்தது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்றும் போய்க் காட்டுகிறேன். போன முறை கிளம்பும்போது கொழுந்தன் சிவந்த கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"அண்ணி, ரெண்டு வாரமா கண்ணு உறுத்துதுங்க. அந்தம்மாகிட்ட என்னயும் கொண்டுபோய் காட்டுறீங்களா?"

முன்சீட்டில் வீட்டுக்காரர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

"பின்னாடி மூட்ட மேல ஏறிக்கங்க தம்பி" என்றேன்.

ஏறிக்கொண்டார். வண்டியைக் கிளப்பினேன்.