கயிற்றைக் கடந்த தேரைகள்

சூரியன் மறைவதற்குள் சாப்பிட்டு முடிக்கும் சமணக் குடும்பம் எங்களுடையது. காஞ்சிபுரத்தில் இருந்தவரை மாலை ஆறு மணிக்கு எங்கள் அடுப்படியில் விளக்கை அணைத்துவிடுவோம். கனடாவில் மகன் வீட்டுக்குக் குடிவந்த முதல் கோடையில், இரவு ஒன்பது மணிக்கும் ஜன்னலில் வெயில் நின்றது. சூரியனை நம்புவதா, கடிகாரத்தை நம்புவதா என்று நான்கு நாள் தவித்தேன். "பசிச்சா சாப்பிடுங்க. இதுக்கும் ஒரு கணக்கா?" என்றாள் என் மனைவி பத்மா. முப்பத்தோரு ஆண்டு கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். மகன் வீட்டு மாடிப்படிகள் பதினான்கு என்பதை வந்த அன்றே சொன்னவன்.

இந்த ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, ஏரிக்கரை ஓரமாகவே நடந்து அருவி பார்க்கக் கிளம்பினோம். மகன் எங்களைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். படகுத்துறை வரை ஆறு கிலோமீட்டர். அங்கிருந்து அறுநூறு மீட்டரில் அருவி. திரும்புவதற்குக் கடைசிப் படகு நான்கு மணிக்கு. அதை விட்டால் என் முழங்கால்களை நம்பி மறுபடியும் ஆறு கிலோமீட்டர். பத்மாவோ சிறுமிபோல முன்னால் ஓடினாள். காரணம் எனக்குத் தெரியும். திருமணமான மூன்றாம் மாதம் அவளை ஒகேனக்கல்லுக்கு அழைத்துப் போனேன். பேருந்து தாமதம். அருவியின் இரைச்சல் காதில் விழும் தூரத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். கடைசிப் பேருந்து போய்விடும் என்று அவளைத் திருப்பி அழைத்துவந்துவிட்டேன். "சத்தம் கேட்டுச்சே, போதும்," என்றாள் அன்று. அதன்பின் நாற்பத்தாறு ஆண்டுகளில் ஒருமுறைகூட அருவி என்ற சொல்லை அவள் எடுக்கவில்லை. அதனால்தான் இம்முறை நானே கூப்பிட்டேன்.

படகுத்துறையை அடைந்தபோது மணி இரண்டு ஐம்பது. நான் எண்ணிய கணக்கில் 9,412 காலடிகள். அருவிப் பாதையில் நுழைந்ததும் தரை நகர்வதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தேன். தேரைக் குஞ்சுகள்! சுண்டுவிரல் நகத்தளவு, கறுப்பாக, நூறு நூறாக ஏரியிலிருந்து ஏறி, பாதையைக் கடந்து காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தன. தூக்கிய வலது காலைக் கீழே வைக்க எனக்கு இடம் தெரியவில்லை. அப்படியே நின்றுவிட்டேன். பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண்மணி ஓடிவந்து, "நெஞ்சு வலிக்கிறதா? உட்காருங்கள், உட்காருங்கள்," என்று என் தோளைப் பிடித்தார்.

"மேடம், நான் உட்கார்ந்தால் இருபது செத்துப்போகும்," என்றேன் ஆங்கிலத்தில்.

அவருக்குப் புரியச் சிறிது நேரமாயிற்று. புரிந்ததும் உரக்கச் சிரித்தார். பெயர் மார்னி, தன்னார்வலர். ஆண்டுக்கு ஒருமுறை சில நாள் மட்டும் இப்படி நடக்குமாம். பாதையின் காட்டோரமாகத் தரையில் ஒரு கயிறு போட்டு, அதைத் தாண்டும் குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் தன்னார்வலர் துணையில்லாமல் யாரையும் அருவிக்கு விடமாட்டார்கள். எண்ணுவதை விட்டு அவரும் வரமுடியாது. பத்மா கயிற்றின் முன் நின்று காது கொடுத்தாள். உள்ளே நீர் இரைந்தது.

"அன்னிக்கும் இதே சத்தந்தாங்க," என்றாள்.

"மேடம், எண்ணுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் இவளைக் கூட்டிப்போங்கள்," என்று சொல்லிவிட்டேன். அவர் தயங்கினார், இரண்டு நிமிடம் என்னை எண்ணச் சொன்னார். இருவருக்கும் நாற்பத்தேழு வந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் எண் கூடும் கருவியை என் கையில் வைத்தார்.

அதற்குள் பத்மா உதிர்ந்து கிடந்த பெரணி இலை ஒன்றை ஏரியில் நனைத்து வந்திருந்தாள். எங்கள் முனிவர்கள் மயிற்பீலியால் சிற்றுயிர்களை ஒதுக்கிவிட்டுத்தான் அடிவைப்பார்கள். அதேபோல் இலையால் மெல்ல ஒதுக்கி, ஓர் அடி, மறுபடி ஒதுக்கி, ஓர் அடி. மார்னி வாய் பிளந்தார். பத்மா இந்தப் பயிற்சியை எங்கே எடுத்தாள் என்று என்னிடம் கேட்டார். "காஞ்சிபுரத்துலன்னு சொல்லுங்க. அப்புறம், நாலு மணிக்கு வந்துடுன்னு கூவக் கூடாது, ஆமா," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

நான் எண்ணினேன். ஊரில் இருந்த காலத்தில், மழைக்கால மாலைகளில் நான் வேலை பார்த்த ஏனாத்தூர் பள்ளியிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்புவேன். பேருந்துச் சக்கரங்களில் நசுங்கிய தவளைகள் சாலை நெடுகக் கிடக்கும். வேண்டாம் என்றாலும் மனம் எண்ணிவிடும். அன்று சோறு இறங்காது. அங்கே செத்ததை எண்ணியவன் இங்கே உயிருள்ளதை எண்ணுகிறேன்! ஐந்நூறு, ஆயிரம் என்று எண் ஏற ஏற எனக்குச் சத்தம் போட்டுக் கத்தவேண்டும்போல் இருந்தது. நான்கு மணிக்குத் துறையில் சங்கு ஒலித்தது. படகுக்காரர் என்னைப் பார்த்து, வருகிறீர்களா என்று கையசைத்தார். அருவிப் பாதையில் ஆள் தெரியவில்லை. இடது கையால் படகைப் போகச் சொன்னேன். வலது கட்டைவிரல் 1,846-ஐ அழுத்தியது.

நாலே முக்காலுக்கு பத்மா வந்தாள். தலை முதல் கால்வரை நனைந்திருந்தாள். மூச்சு வாங்கியது. "அம்மாடி! ஆள அடிச்சிக்கினு போற மாதிரி ஊத்துதுங்க. நாலு மாடி உயரம் இருக்குது! கணக்கு சரியா?" என்றவள், துப்பட்டாவைச் சுருட்டி என் வழுக்கைத் தலைமேல் பிழிந்தாள். "இந்தாங்க, உங்க பங்கு."

பனிக்கட்டிபோல் குளிர்ந்தது. படகைப் பற்றிச் சொன்னேன். "போனாப் போவட்டும்," என்றாள். மார்னி தன் வண்டியில் கொண்டுவிடுவதாகச் சொல்லிவிட்டு, என் எண்ணிக்கையைக் குறிப்பேட்டில் எழுதினார். காட்டில் வளரும் இந்தத் தேரைகள் சில ஆண்டுகள் கழித்து முட்டையிட இதே ஏரிக்கு வரும் என்றார். எத்தனை வரும் என்று கேட்டேன். யாரும் எண்ணியதில்லையாம்.

கிளம்புவதற்காகக் குனிந்தபோது என் இடது செருப்பின் மேல் ஒரு குஞ்சு உட்கார்ந்திருந்தது. செருப்பு கயிற்றின் மேல் இருந்தது. பாதி ஏரிப்பக்கம், பாதி காட்டுப்பக்கம். தாண்டியதில் இதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று மார்னியைக் கேட்டேன். அவர் என்னையும் பத்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். கட்டைவிரலைக் கருவியின் மேல் வைத்தபடி, காலை அசைக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.