பேய் போன முகம்

நெய்யூருக்குப் போனால் சாயங்காலம் அம்மாவோடு உட்கார்ந்து பேய் சீரியல் பார்த்தாக வேண்டும். அன்று, என்னோடு ஒரே வீட்டில் வாழும் தோழியும் வந்திருந்தாள்.

சீரியலில் சிவப்பான மருமகளுக்குள் பேய் புகுந்ததும் அவள் முகத்தில் கரியை அப்பி, ஆண்குரல் கொடுத்து, இன்னொரு பெண்ணின் கையைப் பிடிக்க வைத்தார்கள். திருநீறு பட்டதும் கறுப்பு போய்விட்டது. மெல்லிய குரலில் அழுதபடி புருஷன் காலில் விழுந்தாள். அந்தக் கரி என் பிறவி நிறம். எந்தச் சாக்கடையில் பேனாவை முக்கி எழுதினார்களோ!

“பேய் போனதும் பிள்ளைக்க முகத்துல வந்த வெளிச்சத்தப் பாத்தியா மக்கா? ஒனக்கும் ஒரு மாப்பிள வந்து கல்யாணம் கழிஞ்சா இப்பிடித்தான் ஆவும்,” என்றாள் அம்மா, ஆசையாக.

என் கையைப் பிடித்திருந்த தோழி, தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.