படலைக்கு நேரே ஒரு ஸ்பீக்கர்

யாழ்ப்பாணத்து அரியாலையில் எங்கள் குறுகலான ஒழுங்கையின் கோயிலில் கடவுள் இருக்கிறாரோ தெரியாது, ஸ்பீக்கர் இருக்கிறது. பக்திப்பாட்டு, திருவிழாச் செலவை ஏற்கும் உபயகாரரின் பெயர்கள், காணாமற்போன சைக்கிள் பற்றிய அறிவித்தல் எல்லாம் அதற்குள்ளால்தான் வரும்.

அடுத்த வீட்டு உதயகலா சட்டை தைத்துப் பிழைப்பவள். அவளுடைய கணவர் குகதாசனுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கமும் பேச்சும் போய்விட்டன. தினமும் சத்தமில்லாத இடத்தில் இருத்திச் சொற்களைச் சொல்லிப் பழக்கினால் பேச்சு திரும்பும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். பின்னேரமானால் அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவர் முன்னால் உட்காருவாள். கோயிலும் சொல்லிவைத்ததுபோல அப்போதுதான் தொடங்கும்.

கோயில் தலைவர் சிவசுப்பிரமணியத்திடம் போய்ச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்டாள். சாமி பாட்டுக் காதில் விழுந்தால்தான் வருத்தம் மாறும் என்று அவர் திருநீறு கொடுத்து அனுப்பினார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இங்கே சங்கு ஊதுகிறவனே செவிடன்.

அந்த நாட்களில் தக்சாயினி என்ற பல்கலைக்கழகப் பெண் ஒழுங்கைக்கு வந்தாள். நகரத்தின் அன்றாடச் சத்தங்களை அவரவர் வீட்டிலிருந்தே கைபேசியில் பதிந்து அனுப்பினால், இணையத்தில் ஒரு வரைபடத்தில் ஏற்றுவார்களாம். சத்தம் கூடிய இடம் சிவப்பாகத் தெரியுமாம்; அதைத் தொட்டால் எந்த நாட்டில் இருந்தும் அந்தச் சத்தத்தைக் கேட்கலாமாம். உதயகலா பாண் விற்க வரும் ஓட்டோவின் பாட்டையும் மீன்காரரின் ஹோர்னையும் அனுப்பினாள். பிறகு, குகதாசனின் கட்டிலடியில் இருந்து கோயில் சத்தத்தைப் பதிந்து அனுப்பினாள். வரைபடத்தில் எங்கள் ஒழுங்கை இரத்தச் சிவப்பாக வந்தது.

அதைக் கொண்டுபோய்க் காட்டினால் வெட்கப்படுவார்கள் என்று நம்பினாள், பாவம். சிவசுப்பிரமணியம் கைபேசியை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"வேறை கோயில் ஒண்டும் இவ்வளவு சிவப்பில்லை, என்ன?"

"இல்லை அண்ணை. எங்கடை ஒழுங்கைதான் ஆகக்கூடச் சிவப்பு."

"கனடாவிலை இருக்கிற எங்கடை பிள்ளையளுக்கும் இது கேக்குமோ?"

"ஓம்" என்றாள் அவள். வெளிநாட்டுக்காரருக்கு முன்னால் மானம் போகும் என்று பயப்படுகிறார் என்றே நினைத்தாள்.

மறுநாள் காலை அவளுடைய வீட்டு வாசல் படலைக்கு நேரே, மின்கம்பத்தில் இன்னொரு ஸ்பீக்கர் கட்டினார்கள். பதிவு தெளிவாக வரவேண்டுமல்லவா! கட்டியவர்கள் அவளிடமே ஏணி வாங்கி, தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார்கள்.

அன்று பின்னேரம் குகதாசனைச் சாய்த்து இருத்த நானும் கை கொடுத்தேன். உதயகலா வழமைபோலத் தன் வாயைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். அவருடைய உதடு கோணிக்கொண்டு மெல்ல அசைந்தது. தொண்டை ஏறி இறங்கியது. நான்கு மாதமாக வராத ஏதோ ஒன்று வரப்போகிறது என்று எனக்கே தெரிந்தது. அந்த நேரம் பார்த்துப் புது ஸ்பீக்கர் அலறியது.

"எமது ஆலயத்தின் ஓசையை உலகறியச் செய்த திருமதி உதயகலா குகதாசன் அவர்களுக்கு எமது மனமார்ந்த நன்றிகள்."

குகதாசனின் வாய் திறந்து மூடியது. அவள் அவருடைய வாயோடு காதை வைத்தாள்.

"என்னப்பா சொன்னனீங்கள்? இன்னொருக்காச் சொல்லுங்கோ."

அவர் களைத்துப்போய்க் கண்ணை மூடிவிட்டார். வெளியே அவளுடைய பெயரை இரண்டாம் முறையும் தெளிவாகச் சொன்னார்கள்.