காலுக்குக் கீழே ஒரு தட்டு

ஒரு மனிதன் மரத்தின் நடுவில் நான்கு மணி நேரம் நிற்க வேண்டுமானால், அவன் காலுக்குக் கீழே என்ன இருக்க வேண்டும்?

சிரிக்காதீர்கள். ஒக்டோபரில் இருந்து இந்தக் கேள்வியோடுதான் சமைக்கிறேன், துவைக்கிறேன், மகளைக் கார்டெரிக்கு, அதாவது குழந்தைகள் காப்பகத்துக்கு, கூட்டிக்கொண்டு போகிறேன். ஒருமுறை பதிலும் சொன்னேன். பிழையான பதில். அதன் விளைவு இப்போது எங்கள் வீட்டு சோபாவில், வலது காலில் பிளாஸ்டரோடு, இரண்டு தலையணைக்கு மேல் காலை நீட்டியபடி இருக்கிறது.

என் கணவர் வேட்டைக்குப் போகிறவர். எத்தனை பேர் புருவத்தை உயர்த்துவீர்கள் என்று தெரியும். திருகோணமலையில் பிறந்து, மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி இறக்கி, வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி சாப்பிடும் மனிதருக்கு ஏன் இந்த வேலை? நானும் கேட்டேன். மூன்று வருடங்களுக்கு முன், கூட வேலை செய்யும் மிஷெல் ஒருநாள் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்குப் பிடித்தது.

மான் வேட்டை. வில்லும் அம்பும். இத்தனைக்கும் இதுவரை ஒரு மானும் விழவில்லை. ஒருமுறை வில்லை இழுத்துவிட்டு, பிறகு மெல்லத் தளர்த்திவிட்டாராம். ஏன் என்று கேட்டதற்கு, "அது என்னைப் பார்க்கேல்லை" என்றார். தன்னைப் பார்க்காததை எய்ய மனம் வரவில்லையாம்.

வேட்டைக்காரர் மரத்தில் எப்படி இருப்பார்? எனக்கும் தெரியாது. கிளையில் குந்தி இருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. இடுப்பையும் பின்பக்கத்தையும் சுற்றி ஓர் அகலமான பட்டி. அதை சாடில் என்கிறார்கள் — குதிரைச் சேணத்தின் பெயர்தான். பட்டியிலிருந்து ஒரு கயிறு மரத்துக்கு. கயிற்றில் பின்னுக்குச் சாய்ந்து, பாதி இருந்தும் பாதி நின்றும் காத்திருக்க வேண்டும். உடம்பின் பாதிப் பாரத்தைப் பட்டி தாங்கும். மீதி?

மீதி, காலுக்குக் கீழே இருப்பதன் மேல்.

அங்கேதான் நான் வந்தேன்.

மிஷெல் இரண்டு சாமான் கொடுத்துவிட்டிருந்தார். ஒன்று, மரத்தில் மாட்டும் பழைய இருக்கை ஒன்றை அறுத்து அவரே பற்றவைத்துச் செய்த அலுமினியத் தட்டு. பெரிய தோசைக்கல் அளவு. மற்றது, மரத்தைச் சுற்றிப் பட்டியால் இறுக்கும் நான்கு சிறிய இரும்புப் படிகள். இரண்டில் எது வசதியோ அதை வைத்துக்கொள்ளலாம்.

"இஞ்சேரும், நீர்தான் பார்த்துச் சொல்லவேணும்," என்றார் என் கணவர்.

"எனக்கென்ன தெரியும்? நான் மரம் ஏறினனானே?"

"நீர் படிச்ச ஆளெல்லோ."

இந்த ஒரு சொல்லில் நான் விழுந்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஓர் ஆய்வுகூடத்தில் இரண்டு வருடம் உதவியாளராக இருந்தவள் நான். அளக்காமல் எதையும் நம்பாதவள். மகளுக்குப் பால்மா வாங்கிய காலத்திலேயே மூன்று டப்பாவின் பின்பக்கத்தையும் வாசித்துவிட்டு, கடைசியில் எதை எடுப்பது என்று தெரியாமல் கடைக்குள்ளேயே அழுதவள்.

ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையின் நடுவில் ஓர் இரும்புத்தூண் இருக்கிறது. அதுதான் மரம். இவர் சாடிலைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் தன் வேட்டைச் சப்பாத்தையும் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார்.

"எங்க அதைக் கொண்டு வாறியள்?"

"போட்டுட்டு நிண்டு பார்ப்பம் எண்டுதான்..."

"இப்பதான் நிலம் துடைச்சனான். சாமிப்படமும் இஞ்சதான் இருக்கு. வாசலில வைச்சிட்டு வாங்கோ. கால் கால்தானே?"

கால் கால்தானே. இதைச் சொன்னது நான்.

அவர் சப்பாத்தைத் திரும்பக் கொண்டுபோய் வாசலில் வைத்தார். வெறுங்காலோடு வந்து ஏறினார். நிலத்திலிருந்து ஒரு சாண் உயரம். நான் நேரம் பார்க்க அடுப்படி மணியைத் திருகி வைத்துவிட்டுக் கொப்பியோடு இருந்தேன். நான்கு வயது ஆரணி தூணைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். "செ மொன் தூர், பப்பா! செ மொன் தூர்!" தன்னுடைய முறையாம்.

முதலில் படிகள். பத்து நிமிடத்தில் முகம் சுருங்கிவிட்டது.

"உள்ளங்காலை வெட்டுது."

பிறகு தட்டு. இருபது நிமிடம். ஒரு கால் மாற்றி மற்றக் காலில் நின்றார், சாய்ந்தார், ஆரணியை ஒருமுறை மடியில் தூக்கி ஆட்டினார்.

"இது சோக்கா இருக்கு. நித்திரையே கொள்ளலாம்."

கொப்பியில் 'தட்டு' என்று எழுதி அடியில் கோடும் போட்டேன். இரண்டு கோடு. அன்று இரவு எனக்கு நல்ல நித்திரை. அபூர்வம்.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை. ஆரணியோடு படம் கீறிக்கொண்டிருந்தேன். பத்தரை மணிக்கு ரெலிபோன். மிஷெலின் குரல்.

"மதாம், இல் எ கொரெக்ட். இல் எ கொரெக்ட்."

ஆள் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். ஆனால் ஒருவர் அதை இரண்டு தரம் சொன்னால் என்ன அர்த்தம்?

நடந்தது இதுதான். காட்டுக் குளிருக்கு இரண்டு சோடி கம்பளிக் காலுறை. அதற்கு மேல் ஓர் அளவு பெரிய, உள்ளே பஞ்சு வைத்த சப்பாத்து. தோசைக்கல் அளவுத் தட்டில் இரண்டு சப்பாத்தும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே இடம் காணாது. முன்பக்கம் மரத்தில் இடிக்கும், குதிக்கால் வெளியே தொங்கும். தட்டின் மேல் வெள்ளையாக உறைபனி. இடப்பக்கம் ஏதோ சரசரத்ததாம். திரும்பியிருக்கிறார். வழுக்கிவிட்டது. வலது கால் தட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்ள, உடம்பு மற்றப் பக்கம் போய்விட்டது. கணுக்காலில் எலும்பு வெடிப்பு. கழுத்தில் கிடந்த விசிலை ஊதி, அது மிஷெலுக்குக் கேட்கும்வரை அப்படியே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

கயிறுதான் காப்பாற்றியது. நான் தேர்ந்தெடுக்காத ஒரே சாமான் அது.

வெறுங்காலை வெட்டிய அந்தப் படிகள் இருக்கின்றனவே... தடித்த சப்பாத்து அடிக்கு அவை ஒன்றும் செய்யாதாம். படியின் விளிம்பில் குதி நன்றாகப் பிடித்துக்கொள்ளுமாம். அதாவது, என் சோதனை சரியாக நேர்மாறான விடையைத் தந்திருக்கிறது. கொப்பியில், இரண்டு கோடு போட்டு.

ஆஸ்பத்திரியால் வந்த மறுநாள் கேட்டேன்.

"ஏறின உடனேயே தெரியேல்லையே, சப்பாத்துக் கொள்ளாதெண்டு?"

"தெரிஞ்சது."

"பேந்து ஏன் இறங்கேல்லை?"

அவர் ரிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீர் மினக்கெட்டுப் பார்த்து எடுத்தது. கொஞ்சம் பழகினாச் சரிவரும் எண்டு நினைச்சன்."

நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். கழுவ ஒன்றும் இருக்கவில்லை.

அவர் திட்டியிருக்கலாம். 'சப்பாத்தைப் போட விட்டிருந்தால்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால் நானே ஒரு நாளைக்கு நாற்பது தரம் சொல்லிக்கொள்கிறேன். நாங்கள் எல்லாவற்றையும் வீட்டுக்குள், வெறுங்காலோடு, துடைத்த நிலத்தில்தான் சோதிக்கிறோம் இல்லையா? ஆரணி வீட்டில் வாய் ஓயாமல் கதைப்பதைப் பார்த்து கார்டெரியிலும் அப்படித்தான் இருப்பாள் என்று நினைத்திருந்தேன். அங்கே ஒரு மாதமாக அவள் வாயே திறக்கவில்லை என்று ஆசிரியை சொல்லித்தான் தெரியும். வெளியில் குளிர். வெளியில் சப்பாத்து. இதைக் கணக்கில் எடுக்காமல் என்ன படித்தேனோ!

சென்ற ஞாயிறு மிஷெல் பார்க்க வந்தார். கையில் அந்த நான்கு படிகள். உள்ளே வந்தவர் சப்பாத்தைக் கழற்றவில்லை. காலடியில் பனி கரைந்து வழிந்தது. வழக்கமாக என் வாய் தானாகவே திறக்கும். அன்று திறக்கவில்லை. ஆரணிதான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

"மிஸ்யூ! தே பொத்!"

'உங்கள் சப்பாத்து!' என்று என்னைப் போலவே அதட்டுகிறாள். மிஷெல் "ஓ, பார்தோன்" என்று குனிந்தார்.

"நோ, நோ. கழட்டவேண்டாம்," என்றேன். என் வாயால்தான். சோபாவில் இருந்த இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மிஷெல் கீழே போய்த் தூணில் படிகளை இறுக்கினார். இவரும் ஊன்றுகோலோடு மாடிப்படியில் ஒவ்வொன்றாகக் குந்திக் குந்தி இறங்கி வந்துவிட்டார். மிஷெல் இவருடைய சாடிலைக் கட்டிக்கொண்டு ஏறி நின்று, சாய்ந்து, நான் கொடுத்த தேநீரை அங்கேயே குடித்து முடித்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. இவருடைய கண்ணைப் பார்த்தேன். மூன்று கிழமையாக இல்லாத வெளிச்சம்.

மிஷெல் போன பிறகு, அழுக்குத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"திரும்பவும் போகத்தான் வேணுமோ?"

ஊன்றுகோலைத் தூணில் சாய்த்து வைத்தார்.

"அங்க நிக்கேக்க ஒருத்தரும் என்னட்ட ஒண்டும் கேக்கிறேல்லை. போன் அடிக்காது. ஊரில ஆர் இருக்கினம், ஆர் இல்லை எண்டு ஆரும் சொல்லாயினம். மரம் மட்டும்தான்." பிறகு, "அடுத்த வருசத்துக்கு எது எண்டு நீரே பார்த்துச் சொல்லும்," என்றார்.

நான் அவரிடம் நிறையக் கேட்கிறவள். சாப்பிட்டீர்களா, போன் எடுத்தீர்களா, ஏன் பிந்தியது, கதவு பூட்டியாச்சா... பயத்தில் கேட்பது. அவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

இப்போது என் பிரச்சினை முழுதாக விளங்கியிருக்கும். சரியானதைத் தேர்ந்து கொடுத்தால் கால் நோகாது. கால் நோகாத மனிதர் நான்கு மணி நேரத்தில் இறங்கி வருவாரா? ஆறு மணி நேரம் நிற்பார். எட்டு நிற்பார். தேர்ந்து கொடுக்காவிட்டால் எதன்மேலாவது ஏறி நிற்பார். அவர் வசதியாக இருக்க வேண்டும். சீக்கிரம் இறங்கியும் வரவேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு சாமான் யாராவது செய்திருக்கிறார்களா?

எனவே, வாசகர்களே, இந்த முறை நீங்கள் எனக்குச் சொல்லுங்கள். மரத்தைச் சுற்றிப் படிகளா? இன்னும் அகலமான தட்டா? இரண்டும் வேண்டாம் என்று வாசலில் மறித்த மனைவிமார் இருந்தால், மறித்த பிறகு வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்று பார்த்தவர்கள் மட்டும்.