லக்கலைக்குத் தெரிந்த சத்தம்

பலாபத்வல ஊர் சாலிஹ் மலைக்கு அப்பாலுள்ள லக்கலைப் பக்கம் போனால் கூவி வியாபாரம் செய்வதில்லை. கூவ வேண்டியிருந்ததும் இல்லை. அவருடைய பழைய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள் மலை வளைவில் திரும்பும்போதே அதன் கனத்த சத்தம் கீழே காடு வெட்டிப் பயிர் செய்கிற சேனைகள்வரை இறங்கிவிடும். எள்ளும் உளுந்தும் கட்டிய மூட்டைகளோடு சனங்கள் பாதையோரம் வந்து நிற்பார்கள். அவர் உப்பும் கருவாடும் மண்ணெண்ணெயும் கொடுத்து மாற்றிக்கொள்வார். பஸ் எப்போதாவது எட்டிப் பார்க்கிற ஊர் அது. வியாழக்கிழமை என்றால் அங்கே சாலிஹ் முதலாளியின் நாள். அவருடைய கல்யாணத்துக்கு முந்தியே தொடங்கிய ஓட்டம்.

அறுபத்தொன்பதாம் வருஷம் நோன்புப் பெருநாளுக்குப் பிறகு மர்சூக் வந்தான். அவருடைய மனைவி ஹமீமாவின் ஒரே தம்பி. மாத்தளையில் போட்ட துணிக்கடையை மூடிவிட்டு, தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் கழித்துவிட்ட ஜப்பான் மோட்டார் சைக்கிள் ஒன்றில் சுற்றிக்கொண்டிருந்தான். பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றுகிற டூ ஸ்ட்ரோக் வண்டி. மண்பாதைக்கென்றே செய்தது, புகைக்குழாய் உயரத் தூக்கி வைத்திருக்கும்.

"இந்தக் கிழட்டு எருமைய இன்னும் எத்தன நாளைக்கு உருட்டப் போறீங்க, மச்சான்? சேத்துல சாஞ்சா தூக்க ஊரக் கூப்பிடணும். இது ஆட்டுக்குட்டி. ஒத்தக் கையால தூக்கலாம்."

"ஆட்டுக்குட்டியில மூட்ட ஏத்தலாமாடா?"

"ஏத்தித்தான் பாருங்களேன்."

"சரி, ஒனக்கு எதுக்கு எருமை?"

"எனக்கு டவுனுக்குள்ளதானே ஓட்டம். ஒங்கட முதுகு வலியச் சொல்லி ராத்தா அழுவுறா."

சமையல் குசினி வாசலில் நின்ற ஹமீமா முந்தானையைச் சரி செய்துகொண்டு, "மாத்திக்குங்க. தம்பி ஒங்களுக்கு நல்லதுதானே சொல்றான்" என்றாள்.

மாற்றிக்கொண்டார்கள். எவ்வளவு பெட்ரோலுக்கு எவ்வளவு எண்ணெய், எப்படிக் குலுக்க வேண்டும் என்றெல்லாம் மர்சூக் பக்கத்தில் குந்தியிருந்து சொல்லிக் கொடுத்தான். அந்த அக்கறையில் சாலிஹின் மனசு நிறைந்துபோனது.

அந்த வியாழக்கிழமை ஏற்றத்தில் வண்டி சொன்னபடி பறந்தது. இறக்கத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது. பழைய வண்டி, கையைத் தளர்த்தியதும் பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து நிறுத்துவதுபோல் தானாக அடங்கும். இது அடங்கவில்லை, சுமையோடு அவரை இழுத்துக்கொண்டு ஓடியது. பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் கடுத்தது. பழக வேண்டும், பழகினால் சரி என்று நினைத்துக்கொண்டார்.

கீழே பாதையில் ஒருவரும் இல்லை.

வழக்கமாக நிற்கிற மரத்தடியில் வண்டியை முறுக்கிச் சத்தம் போட வைத்தார். ஒரு நாய்தான் குரைத்தது. கடைசியில், எப்போதும் முதல் ஆளாக வந்து நிற்கிற ஹீன்மெனிகேயின் வீட்டுக்கு நடந்தே போனார். அவள் முறத்தில் குரக்கன் தானியம் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"முதலாளியா?" என்று சிங்களத்தில் கேட்டாள். "வயலுக்கு மருந்தடிக்கிற மெஷின் கத்துதுன்னு இருந்துட்டோம். இப்ப சுகமா உங்களுக்கு?"

"ஏன், எனக்கு என்ன?"

"நேத்து உங்க மச்சான் வந்தாரே. சத்தம் கேட்டு எல்லாரும் ஓடினோம், நீங்கன்னு நினைச்சு. உங்களுக்கு நெஞ்சு வலி, இனி புதன்கிழமை நான்தான்னு சொன்னாரு. எள்ளு முழுக்க அவருக்குத்தான் போட்டோம். பாவம், உங்களப் பத்திச் சொல்லும்போது கண் கலங்கிடுச்சு."

சாலிஹ் முற்றத்தில் நின்றார். அது பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த வியாழக்கிழமை மூட்டைகள் அவருக்கு வந்துவிடும். ஆனால் ஹமீமாவின் தம்பியைக் கள்ளன் என்று பிற ஊர் முற்றத்தில் நின்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"இப்ப பரவாயில்ல" என்றார்.

அப்படிச் சொன்னதோடு லக்கலை அவர் கையைவிட்டுப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து, ஏற்றிய கட்டை அவிழ்க்காமலே வண்டியைச் சுவரில் சாய்த்தார். ஹமீமா மூட்டைகளைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்காததில் அவருக்கு எல்லாம் விளங்கியது.

"ஒனக்குத் தெரியுமா?"

மூட்டையின் முடிச்சைத் தடவிக்கொண்டே, "அவனுக்கும் புள்ளைகள் இரிக்கிதானே" என்றாள். "நீங்க எப்படியும் சமாளிச்சிடுவீங்கன்னு நெனச்சேன்."

மர்சூக்கை அவர் ஏற்கெனவே பாதி மன்னித்திருந்தார். இவளை அந்தப் பாதியளவும் மன்னிக்க முடியவில்லை.

அதன் பிறகு மாத்தளை மார்க்கட்டில் இன்னொருவர் கடையில் மிளகு நிறுத்துக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். ஜப்பான் வண்டி கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் துருவேறியது. புதன்கிழமை காலையில் பழைய வண்டி பெரிய ரோட்டில் போகும். சாலிஹ் கையிலிருக்கும் தேநீரைக் கீழே வைத்துவிட்டு அதன் சத்தம் தேயும்வரை கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மர்சூக் சாப்பிட வந்தான். சாலிஹே சோறு வைத்தார், கறி ஊற்றினார். அவன் சாப்பிடத் தொடங்கியதும் மெதுவாகச் சொன்னார்:

"எருமையில வால்வு தட்டுது. ரெண்டு மாசமாக் கேக்குறேன். மலையில வண்டி நிக்க முந்திப் பாத்துக்க."

மர்சூக்கின் கை சோற்றில் நின்றது. ஹமீமா எழுந்து குசினிக்குள் போனாள். சாலிஹ் இன்னும் ஒரு கரண்டி கறி ஊற்றினார்.